சாயாமல் வந்த படம்

படம் சாயவில்லை. ரசீதாவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

அனுப்ப ஆளே இல்லாத இடத்திலிருந்து ஒரு படம் வருகிறதே என்று பயப்படுவதற்கு முன்னால், இது ஏன் இவ்வளவு நேராக வருகிறது என்றுதான் அவள் மனம் கேட்டது. பழக்கதோஷம், வேறென்ன சொல்வது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அசர் தொழுகையை முடித்துவிட்டு மாடி அறைக்கு ஏறி வந்திருந்தாள். ரேடியோவைப் போட்டாள். அதற்கும் லேப்டாப்புக்கும் நடுவில் இருக்கும் பேரீச்சம்பழ டின்னில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். பிறகு வெள்ளைத் துப்பட்டியைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. சங்கரன்கோவில்காரர்களுக்கு அந்தச் சத்தம் காதில் விழாது, நின்றால்தான் விழும். ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல், தகரக் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி. அந்த இரைச்சலுக்குள்ளிருந்துதான் அது கிளம்பியது. மெலிந்த ஒரு விசில், ஏறி இறங்கி ஏறி இறங்கி, ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு ‘டிக்’ வைத்துக்கொண்டு. சிள்வண்டுக்குச் சளி பிடித்தால் இப்படித்தான் கத்தும் என்று சைஃபுல்லா சொல்வான்.

திரையில் முதல் வரி விழுந்தது. அதன் கீழே இன்னொன்று. தறியில் துணி வளர்கிற மாதிரி வரிவரியாகப் படம் மேலிருந்து கீழே இறங்கியது.

முழுவதும் பச்சை. சில இடத்தில் வெளிச்சமான பச்சை, சில இடத்தில் இருண்ட பச்சை, அலை அலையாக. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு, தூண் மாதிரி நேராக நின்றது. வலது பக்கக் கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம், காலியாக.

விசில் நின்றது. இரைச்சல் திரும்ப வந்தது. வழக்கமாக இந்த நேரத்தில் அவள் கை மவுஸைப் பிடித்து, சாய்ந்து வந்த படத்தை நிமிர்த்திக்கொண்டிருக்கும். இன்றைக்கு அந்தக் கைக்கு வேலை இல்லை. மடியில் சும்மா கிடந்தது.

சைஃபுல்லா அவள் புருஷன். சரக்குக் கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசர். குளத்தில் தண்ணீர் கிடந்தாலே வேடிக்கை பார்க்கப் போகிற வறண்ட ஊரில் பிறந்துவிட்டு, வருஷத்தில் பாதி நாள் கடலிலேயே குடியிருந்தவன். ஹாம் ரேடியோ என்றால் அவனுக்குப் பைத்தியம். சில ஆண்களுக்குச் சீட்டு, சில ஆண்களுக்குக் கிரிக்கெட், இவனுக்குக் கம்பியும் சத்தமும். ஒரு போட்டோவைச் சத்தமாக மாற்றி ரேடியோவில் அனுப்பலாம், அந்தப் பக்கம் இருப்பவர்கள் சத்தத்தைத் திரும்பப் படமாக்கிக்கொள்ளலாம் என்று கல்யாணமான புதிதில் அவன் சொன்னபோது, தன்னை வைத்து விளையாடுகிறான் என்றுதான் ரசீதா நினைத்தாள். அந்த வேலைக்கென்றே ஒரே மாதிரி இரண்டு பெட்டி செய்தான், இரண்டும் பேரீச்சம்பழ டின்னுக்குள். மோடம் என்பான். ஒன்று கப்பலுக்கு, ஒன்று வீட்டுக்கு. கடலில் இருக்கும் நாட்களில் வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு ஒரு படம் வரும். கடல் வரும், எஞ்சின் அறை வரும், சில வாரம் பல்லைக் காட்டிக்கொண்டு அவனே வருவான்.

எல்லாம் சாய்ந்துதான் வரும். காற்றில் படுத்த சோளத்தட்டை மாதிரி கப்பலும் கம்பமும் அவனும் ஒரே பக்கமாகச் சரிந்து கிடப்பார்கள்.

“என் பெட்டிக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுதுட்டி, ஒன் பெட்டிக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. ரெண்டும் ஒத்துப்போகாது, ஒன்னையும் என்னையும் மாதிரி. அதான் சாயுது” என்பான். அவள் மவுஸால் இழுத்து நிமிர்த்துவாள். வெளியே கிளம்புகிற புருஷனுக்குச் சட்டைக் காலரை நிமிர்த்திவிடுவது போல அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

இன்னொன்றும் சொல்லியிருந்தான். “படம் வாங்குனா சும்மா இருக்கக் கூடாது, ரசீ. வாங்குன படத்தச் சின்னதாக்கி, நம்ம படத்து மூலையில ஒட்டித் திருப்பி அனுப்பணும். ஒன் படம் எனக்கு இப்படித்தான் வந்து சேந்துச்சுன்னு காட்டுறதுக்கு. எங்காளுக மரியாதை அது.” ரசீதாவிடம் லைசென்ஸ் இல்லை. கேட்கலாம், அனுப்பக் கூடாது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பாஸ் பண்ணுகிற வரைக்கும் என்று, தான் அனுப்பும் ஒவ்வொரு படத்திலும் வலது மூலையில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டே அனுப்பினான். “அது ஒன் இடம். வேற எவளுக்கும் கிடையாது.”

சொன்ன சொல்லைத் தட்டாதவன். கப்பலில் என்னதான் திங்கீய என்று போனில் கேட்டால் அடுத்த வெள்ளி சோற்றுத்தட்டு வரும். செருப்பு பிஞ்சிருச்சுன்னீயளே என்றால் புதுச்செருப்புப் போட்ட கால் வரும். வாய்விட்டுக் கேட்டால் போதும், காட்டிவிடுவான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அரபிக்கடலில், காற்றும் மழையுமான ஒரு பகலில், மேல்தளத்து விளக்கைச் சரிபார்க்கப் போனவனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. கூட நின்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள். தேடினார்கள், உடம்பு கிடைக்கவில்லை. பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா தொழுதார்கள், மையித்து இல்லாமல் தொழுகிற தொழுகை. குளிப்பாட்ட உடம்பு இல்லை, கபன் துணி சுற்ற உடம்பு இல்லை, மேலே ஒரு பிடி மண் போட உடம்பு இல்லை. ரசீதா இத்தாவில் உட்கார்ந்தாள். நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. அதெல்லாம் அவளுக்குப் பாரமே இல்லை. வெளியே போய் யாரைப் பார்க்க?

ஒன்றே ஒன்றுதான் அவளைத் தின்றது. முகத்தைப் பார்க்கவில்லை. மையித்தைத் தூக்குவதற்கு முன்னால் முகத்துணியை விலக்கி, பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்களே, அந்த ஒரு பார்வை அவளுக்குக் கிடைக்கவில்லை. அது கிடைக்காததால் அவன் மௌத்தானதே பாதி நேரம் அவளுக்கு உறைக்கவில்லை. காலையில் எழுந்ததும் தினமும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். தண்ணீரில் ஊறி எப்படி இருந்தாலும் சரி. ஒவ்வொரு தொழுகையிலும் அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

மாடிக்கு ரூபியாவைக் கூப்பிட்டாள். சைஃபுல்லாவின் தங்கை, அவனைக் காக்கா என்று கூப்பிடுகிறவள், கூடவே இருப்பவள். படத்தைக் குனிந்து பார்த்தாள்.

“இது என்ன மைனி, கடலா?”

“கடல்தான். அலை தெரியுதுல்லா.”

“அந்தக் கறுப்புக் கோடு?”

“கப்பல் கம்பமா இருக்கும்.”

ரூபியா அவள் முகத்தைப் பார்த்தாள். “மைனி, எனக்குப் பயமா இருக்கு. காக்கா அனுப்புன பழைய படம் ஏதாவது உள்ள கெடந்து வந்திருக்குமோ?”

பழைய படமெல்லாம் ரசீதாவுக்கு மனப்பாடம். இது அதில் இல்லை. ரூபியாவே செல்வக்குமாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். வாசுதேவநல்லூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர், சைஃபுல்லாவின் ரேடியோக் கூட்டாளி. துக்கம் விசாரிக்க வந்தபோது வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனவர்.

“நானும் அதே நேரம் அதே அலைவரிசையிலதான் கேட்டுக்கிட்டிருந்தேன் தங்கச்சி. ஒண்ணும் வரலியே” என்றார்.

“வந்துச்சு அண்ணாச்சி. சாயாம, நேரா வந்துச்சு” என்றாள் ரசீதா.

அந்தப் பக்கம் கடையில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மோட்டாரை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

“நல்லாப் பாத்தியளா? நேராவா?”

“நூல் புடிச்ச மாதிரி.”

“அப்படி வரக் கூடாதே. அந்தப் பெட்டிக் கடிகாரம் ஒலகத்துல ஒருத்தன் கடிகாரத்தோடயும் சேராது. இந்தா இருக்கிற வாசுதேவநல்லூர்ல இருந்து நான் அனுப்புனாலும் சாஞ்சுதான் வரும். அந்தப் பெட்டியே அனுப்பி, அந்தப் பெட்டியே வாங்குனாத்தான் நேரா வரும்.”

“அப்படின்னா?”

“அப்படின்னா ஒண்ணுமில்ல” என்று அவசரமாகச் சொன்னார். “உள்ள எங்கனயாவது வயர் ஒட்டிக்கிட்டிருக்கும். அடுத்த வெள்ளி ஏரியல் கேபிளக் கழட்டிட்டுப் பாருங்க. ஒண்ணும் வராது.”

அந்த வாரம் ரசீதா கீழே இருந்தாலும் மனசு மாடியில் இருந்தது. மாமி ஆமினாள் கூடத்தில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு இருந்தவள், ஒருநாள் திடீரென்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். “ஒரு கபுருன்னு இருந்தா, எம்புள்ள அங்கனதான் கெடக்கான்னு மனசு நிக்கும். இப்ப அவன எங்கன போயித் தேட? அவன் எங்கன கெடந்து அலையுதானோ.” ரசீதா அவள் காலடியில் போய் உட்கார்ந்தாள். இருவரும் அழுதார்கள். அழுது முடித்ததும் மாமி முந்தானையால் மருமகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளி வானம் மூட்டமாக இருந்தது. மாடி அறை ஜன்னல் திரை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. இத்தாவுக்காக மாமி போட்ட திரை அது. எதிர்மாடியில் தறிக்குப் பாவு நூல் காயப்போட வருகிற ஆண்கள் கண்ணில் மருமகள் படக் கூடாது என்று, அவசரத்துக்குக் கிடைத்த இரண்டு துண்டுத் துணியை ஒட்டுப்போட்டு, கையிலிருந்த நூலால் தைத்துத் தொங்கவிட்டிருந்தாள். அதற்கு நேர் எதிரேதான் மேசை. ரசீதா உட்கார்ந்து, ரேடியோவின் பின்பக்கம் கையைவிட்டு, ஏரியல் கேபிளைத் திருகிக் கழற்றித் தரையில் போட்டாள்.

இரைச்சல் செத்துப்போனது. அறையில் தறிச் சத்தம் மட்டும் இருந்தது.

முதலில் வாசனைதான் வந்தது. எஞ்சின் எண்ணெய், உப்பு, ஈர இரும்பு. ஆறு மாதம் கழித்து வீட்டுக்கு வருகிறவன் துணிப்பெட்டியைத் திறந்தால் குப்பென்று வருமே, அந்த வாசனை. கம்பெனிக்காரர்கள் அனுப்பிவைத்த அந்தத் துணிப்பெட்டி கீழே மாமியின் கட்டிலுக்கு அடியில் பூட்டிக் கிடந்தது. ரசீதா மூக்கை உறிஞ்சினாள். இன்னும் ஆழமாக உறிஞ்சினாள். வெட்கமில்லாமல் நெஞ்சு முழுக்க இழுத்தாள்.

விசில் கேட்டது.

கேபிள் தரையில் கிடந்தது. படம் வந்துகொண்டிருந்தது.

அதே பச்சை. ஆனால் போன வாரத்தைவிடத் தள்ளி. கறுப்புக் கோடு மெலிந்திருந்தது. பச்சைக்கு மேலே வெள்ளையாக ஒரு பட்டை, கீழே பழுப்பாக ஒரு பட்டை. கடலுக்கு மேலே வானம், கடலுக்கு இந்தப் பக்கம் கப்பல் தளம் என்று அவள் கண்டுகொண்டாள். கையில் கேமராவை வைத்துக்கொண்டு ஒருவன் பின்னோக்கி நடந்து வந்தால் இப்படித்தான் விரியும். மூலையில் காலிக்கட்டம். கோடு நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. உள்ளங்கால் வரைக்கும் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது, அதுதான் கொடுமை. கடலில் எங்கேயோ நின்றுகொண்டு அவன் படம் அனுப்புகிறான், இன்னும் கொஞ்சம் பின்னால் வந்தால் அவன் கை தெரியும், கால் தெரியும், என்றைக்காவது ஒருநாள் கேமராவைத் திருப்புவான் என்று அந்த ஆசை சொல்லிக்கொண்டே இருந்தது.

போனில் கேட்டுவிட்டுச் செல்வக்குமார் எல்லாவற்றையும் மறுபடி ஒருதடவை சொல்லச் சொன்னார்.

“எனக்குப் புரியல தங்கச்சி” என்றார் கடைசியில். “புரியாத பெட்டிய வீட்டுல வைக்காதீங்க. ஆஃப் பண்ணி ரூபியாகிட்டக் குடுங்க, நான் வாசல்ல வந்து வாங்கிட்டுப் போயிருதேன். சைபு இருந்தா அவனும் இதத்தான் சொல்லியிருப்பான்.”

“சரி அண்ணாச்சி” என்றாள். ரூபியா டின்னைத் தூக்கக் கை நீட்டியபோது, “அடுத்த வாரம் குடுத்துக்கிடலாம்ட்டி” என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது. ரூபியா கையை உருவிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

அடுத்த வெள்ளி கடையநல்லூரில் மாமியின் தம்பி மகளுக்கு நிக்காஹ். போகாமல் இருக்க முடியாது. இத்தாவில் இருப்பவள் போகவும் முடியாது. மாமி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

“நான் வேணா போகாம இருக்கட்டுமா மைனி?” என்றாள் ரூபியா.

“போட்டி. மாமிய யாரு பஸ்ஸுல கைப்புடிச்சு ஏத்துவா? நான் கதவச் சாத்திக்கிட்டு இருக்கேன். இத்தாவுல இருக்கவ வீட்டுக்கு எவன் வரப்போறான்?”

ஒரு வாரமாக அவள் யோசித்து வைத்திருந்ததை ரூபியாவிடம் சொல்லவில்லை. இரண்டு படம் வந்துவிட்டது, இரண்டுக்கும் பதில் போடவில்லை. வாங்கினால் சும்மா இருக்கக் கூடாது என்று சொன்னவன் அவன். பதில் போடாதவளுக்கு அவன் எதைக் காட்டுவான்? அவனுக்கு எப்போதும் கேட்டால்தான் தெரியும். கேட்டால் தட்ட மாட்டான்.

அசருக்கு முன்னாலேயே மழை பிடித்துக்கொண்டது. தொழுதுவிட்டு மாடிக்கு வந்தபோது அறை மங்கிக் கிடந்தது. கேபிளைத் திரும்ப மாட்டினாள். அனுப்புவதற்கான வயரை லைசென்ஸ் வரும்வரை தொடக் கூடாது என்று அவன் சுருட்டி டேப் ஒட்டி வைத்திருந்தான். டேப்பைப் பிரித்தாள். அவன் விரல் ஒட்டிய டேப். அதைத் தூக்கிப்போட மனம் வராமல் மேசை விளிம்பில் ஒட்டி வைத்தாள்.

ஒரு தாளில் பெரிதாக எழுதினாள். ‘ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டுங்க.’ அதை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்து உட்கார்ந்து படம் எடுத்தாள். திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து அவளுக்கே பரிதாபமாக இருந்தது, கண்ணெல்லாம் குழிந்து, உதடு வறண்டு. இருக்கட்டும், அவனுக்குத் தெரியாத முகமா. வலது மூலையில், அவன் சொல்லிக்கொடுத்த மாதிரியே, பச்சைப் படத்தைச் சின்னதாக்கி ஒட்டினாள். உங்க படம் எனக்கு இப்படித்தான் வந்து சேந்துச்சு.

பிஸ்மி சொல்லி அமுக்கினாள். டின்னுக்குள் ‘டிக்’ என்று ஏதோ விழுந்தது. விசில் கிளம்பியது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, தன் முகம் சத்தமாகப் போவதை அவள் காதால் கேட்டாள். நெற்றி போனது, கண் போனது, தாளில் எழுதியது போனது. முடிந்தது.

அதே நேரத்தில் கரண்ட் போனது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. தெருத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அப்போதுதான் ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று தெரிந்தது. ரேடியோ பேட்டரியில் ஓடியது, லேப்டாப் வெளிச்சம் மேசையில் கிடந்தது. வெளியே மழை. அந்த மழைச் சத்தத்துக்கு அடியில், மிக அருகில், எங்கோ சொட்டுகிற சத்தம். ஒரு சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மாடி ஒழுகாது. போன வருஷம்தான் அவன் நின்று தளம் போட்டுவிட்டுப் போனான்.

எஞ்சின் எண்ணெய். உப்பு. ஈர இரும்பு.

விசில் கேட்டது.

அவள் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். வாய் தன்னால் யாசீன் ஓதத் தொடங்கி, இரண்டாவது ஆயத்திலேயே தடுக்கி நின்றது. முதல் வரி விழுந்தது. வெள்ளை. வானம் என்று நினைத்தாள். வானம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. வானத்தில் ஒரு ஆணி இருந்தது. ஆணியில் ஒரு காலண்டர்.

அவள் ஓதுவதை விட்டுவிட்டாள்.

சுவர். சுவருக்குக் குறுக்கே ஒரு கம்பி. கம்பியிலிருந்து தொங்குகிற பச்சை. அலை அலையாக, மடிப்பு மடிப்பாக. நடுவில் கறுப்புக் கோடு. கோடு இல்லை. தையல்.

ரசீதா மெல்லக் கண்ணை உயர்த்தினாள். எதிரே ஜன்னலில் மாமி போட்ட திரை தொங்கியது. பச்சைத் துணி. இரண்டு துண்டு. நடுவில் கறுப்பு நூல். இரண்டு மாதமாக எதிரிலேயே தொங்குகிறது. எதிரில் தொங்குவதை யார் பார்க்கிறார்கள்? கடல் கடல் என்று தேடியவளுக்குக் கடலாகவே தெரிந்தது.

கடலில் யாரும் நிற்கவில்லை. முதல் வாரம் இந்தத் துணிக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருக்கிறான். அடுத்த வாரம் மேசைக்கு இந்தப் பக்கம், கீழே பழுப்பாகத் தெரிந்தது மேசைதான். இந்த வாரம் இன்னும் பின்னோக்கி நடந்து. அவளைத் தாண்டி.

அந்தப் பெட்டியே அனுப்பி, அந்தப் பெட்டியே வாங்குனாத்தான்.

வரிகள் இறங்கிக்கொண்டிருந்தன. திரைக்குக் கீழே லேப்டாப்பின் வெளிச்சம். வெளிச்சத்துக்கு முன்னால் இருட்டாக ஒரு வளைவு. துப்பட்டி. ஒரு பெண்ணின் தலை, பின்பக்கமிருந்து. குனிந்த தோள். நாற்காலியின் முதுகு. அதன் மேல் அவள் காலையில் காயப்போட்ட துண்டு.

படத்திலிருந்த பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ரசீதாவும்.

எங்கும் அவன் முகம் இல்லை. படம் எடுக்கிறவன் படத்தில் எப்படி வருவான்? நாற்காலிக்குப் பின்னால் இரண்டு எட்டு தூரம். அவ்வளவுதான். சொட்டுகிற சத்தம் அங்கிருந்துதான் வந்தது. மூச்சுச் சத்தம் இல்லை. சொட்டு மட்டும்.

முகத்தைக் காட்டுங்க என்று கேட்டவள் அவள். சொன்ன சொல் தட்டாமல் வந்து நிற்கிறான். திரும்பினால் போதும். இரண்டு மாதமாக அழுததெல்லாம் இதற்குத்தான். எப்படி இருந்தாலும் சரி என்று தொழுகைப்பாயில் கிடந்து கேட்டது இதற்குத்தான். ஏங்க என்று ஒருதரம் கூப்பிட்டுவிட்டுத் திரும்பினால் போதும். அவள் உடம்பில் ஒரு நரம்புகூட அசையவில்லை. அவன்மேல் அவளுக்கு இருந்த ஆசை முழுவதும் அப்படியே இருந்தது, அப்படியே பயமாக இருந்தது. கண்ணீர் மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது.

நாற்காலிக் கால். சிமெண்டுத் தரை. தரையில் பளபளவென்று தண்ணீர்.

கடைசி வரிகள். வலது மூலை. அவளுக்காக விட்டு வைத்திருந்த இடம்.

கட்டம் இந்தத் தடவை காலியாக இல்லை. ஒன் படம் எனக்கு இப்படித்தான் வந்து சேந்துச்சு. முதலில் துப்பட்டியின் விளிம்பு வந்தது. பிறகு நெற்றி. அவள் அனுப்பிய படம் என்று ஒரு நொடி நம்பினாள். அதில் அவள் தாளைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்து உட்கார்ந்திருந்தாள். இதில் தாள் இல்லை. பின்னால் பச்சைத் திரை தெரிந்தது, லேப்டாப் வெளிச்சம் தெரிந்தது. நாற்காலியின் முதுகைக் கையால் பிடித்துக்கொண்டு, கழுத்தை முழுக்கத் திருப்பி, தனக்குப் பின்னால் நிற்கிற எதையோ அண்ணாந்து பார்க்கிற ரசீதா. கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல விரிந்திருந்தது. வாய் திறந்த திறப்பு, இனி மூடாது என்று தெரிந்தது.

விசில் நின்றது.

அவள் பிடரியில், துப்பட்டிக்கும் கழுத்துக்கும் நடுவில், சில்லென்று ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

ரசீதா இன்னும் திரும்பவில்லை.